உலக மேப்பை நம்புவதற்கு முன் அதை அளந்து பார்ப்பது எப்படி

அறிக்கைகளுக்கும் பாடநூல்களுக்கும் வரைபடம் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. எந்த உலக மேப் கைக்கு வந்தாலும் நாடுகளின் பெயரைப் பிறகுதான் பார்ப்பேன். முதலில் நிலநடுக்கோடு எங்கே, 60 டிகிரி அட்சக்கோடு எங்கே என்று தேடுவேன். இந்த இரண்டும் நிற்கும் இடம் தெரிந்துவிட்டால் அந்த மேப் யாரைப் பெரிதாக்கியிருக்கிறது, யாரைச் சிறிதாக்கியிருக்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு ஸ்கேல், கொஞ்சம் நூல், டிரேசிங் பேப்பர், போனில் இருக்கும் கால்குலேட்டர், முடிந்தால் ஒரு உலக உருண்டை. உருண்டை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். உருண்டையின் மேற்பரப்பை எங்கேயும் நீட்டாமல், சுருக்காமல் தட்டையாக்க வழியே கிடையாது. 1827-ல் கணித மேதை காஸ் இதை நிரூபித்துவிட்டார். அதனால் "சரியான உலக மேப் எது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பரப்பளவு, வடிவம், தூரம், திசை ஆகியவற்றில் எதைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்றுதான் கேட்க முடியும். உருண்டையைத் தாளுக்குக் கொண்டுவரும் அந்தக் கணக்குமுறையைத்தான் புரொஜெக்‌ஷன் என்கிறோம். பாடநூல்களில் கோட்டுச்சட்டம் என்று இருக்கும்.

ஸ்கேல் வைத்து ஒரு சோதனை

மேப்பில் கம்பாலா, கெய்ரோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மூன்றையும் கண்டுபிடியுங்கள். உகாண்டாவின் தலைநகர் கம்பாலா ஏறக்குறைய நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. கெய்ரோ 30 டிகிரி வடக்கு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 60 டிகிரி வடக்கு. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கக்கோட்டில், ஒன்றன் மேல் ஒன்றாக நிற்பதால் அளப்பது சுலபம். பூமியில் கம்பாலாவிலிருந்து கெய்ரோவுக்கும், கெய்ரோவிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் தூரம் ஒன்றுதான்: சுமார் 3,300 கி.மீ.

இப்போது மேப்பில் இரண்டு நீளத்தையும் செங்குத்தாக அளந்து, மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்துப் பாருங்கள். விடை 1.4 வந்தால் உங்கள் கையில் இருப்பது மெர்கேட்டர் என்ற புரொஜெக்‌ஷன். இனி வரும் மற்ற பெயர்களும் புரொஜெக்‌ஷன்களின் பெயர்கள்தான். சரியாக 1 வந்து, தீர்க்கக்கோடுகளும் நேராக நின்றால், டிகிரிகளை அப்படியே கட்டம் போட்டு வரைந்த எளிய மேப். பல கணினி மென்பொருள்கள் முதலில் திறந்து காட்டுவது இதைத்தான். 0.73 வந்தால் பீட்டர்ஸ். தீர்க்கக்கோடுகள் வளைந்திருந்து விடை 0.97 பக்கம் வந்தால் பெரும்பாலும் ராபின்சன், 0.84 பக்கம் வந்தால் ஈக்வல் எர்த். அட்சக்கோடுகளும் சேர்ந்து வளைந்திருந்தால் அது வின்கெல் டிரிபெல் ஆக இருக்கலாம்.

கட்டக்கோடுகளே அச்சிடாத மேப்பிலும் இந்தச் சோதனை வேலை செய்யும் என்பதால் எனக்கு இது பிடிக்கும். அலங்காரத்துக்காகச் சுவரில் மாட்டும் மேப்புகளில் முதலில் காணாமல் போவது அந்தக் கோடுகள்தானே.

இதே கையோடு இன்னொன்றையும் பாருங்கள். நிலநடுக்கோடு தாளின் நடுவில் இருக்கிறதா? மெர்கேட்டர் மேப் அச்சிடுபவர்கள் அண்டார்டிகாவை வெட்டிவிட்டு, வடக்கே கிரீன்லாந்தின் உச்சிவரை விட்டுவைப்பார்கள். அப்போது நிலநடுக்கோடு நடுவிலிருந்து கீழே இறங்கிவிடும். உலகத்தின் வடக்குப் பாதிக்குத் தாளின் பெரும்பகுதி, தெற்குப் பாதிக்கு மிச்சம். புரொஜெக்‌ஷன் செய்வதற்கு மேல் கத்தரிக்கோல் செய்கிற வேலை இது.

மெர்கேட்டரில் பரப்பளவைத் திருத்துவது

பூமியில் தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன. நிலநடுக்கோட்டைச் சுற்றிவர 40,075 கி.மீ. 60 டிகிரி அட்சக்கோட்டில் சுற்றிவர அதில் பாதிதான், சுமார் 20,000 கி.மீ. மெர்கேட்டர் மேப்பில் இரண்டும் ஒரே நீளக் கோடுகள். அதாவது 60 டிகிரியில் எல்லாமே கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு இழுக்கப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வடிவம் நசுங்கிவிடும். அதனால் தெற்கு வடக்காகவும் அதே இரண்டு மடங்கு இழுத்தார்கள். இரண்டையும் பெருக்கினால் பரப்பளவு நான்கு மடங்கு. துருவத்துக்கு வரும்போது இந்த இழுப்புக்கு எல்லையே இல்லாமல் போகிறது. அதனால்தான் எந்த மெர்கேட்டர் மேப்பிலும் துருவப் புள்ளி கிடையாது. இணைய மேப்புகள் 85 டிகிரி தாண்டியதும் நிறுத்திவிடுகின்றன.

திருத்தும் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: அந்த இடத்தின் அட்சரேகைக்குக் கோசைன் (கால்குலேட்டரில் cos பொத்தான்) எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, மேப்பில் தெரியும் பரப்பளவோடு பெருக்குங்கள். மனதில் வைத்துக்கொள்ள மூன்று எண்கள் போதும். 30 டிகிரியில் முக்கால். 45 டிகிரியில் அரை. 60 டிகிரியில் கால். அதற்கு மேலே சரிவு பயங்கரமானது. 70 டிகிரியில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும், 80 டிகிரியில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு.

செய்து பார்க்க நான் பரிந்துரைக்கும் ஜோடி ஃபின்லாந்தும் வியட்நாமும். டிரேசிங் பேப்பரில் இரண்டையும் படியெடுங்கள். அடியில் கட்டம் போட்ட தாளை வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். ஃபின்லாந்து வியட்நாமைப்போல ஐந்து மடங்கு தெரியும். பிறகு ஃபின்லாந்தை 65 டிகிரியில் இரண்டாகப் பிரியுங்கள். கீழ்ப்பாதியின் நடு 62.5 டிகிரி. கோசைன் 0.46, வர்க்கம் 0.21. மேல்பாதியின் நடு 67.5 டிகிரி. கோசைன் 0.38, வர்க்கம் 0.15. ஒவ்வொரு பாதியின் கட்டங்களையும் அதனதன் எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். வியட்நாமுக்குச் சுமார் 0.92 போதும். இரண்டு விடைகளும் ஏறத்தாழ ஒன்றாக வந்து நிற்கும். ஃபின்லாந்தின் பரப்பளவு 3.38 லட்சம் சதுர கி.மீ., வியட்நாமுடையது 3.31 லட்சம். ஒரு முறை இதைக் கையால் செய்தவர் பிறகு மேப்பைப் பார்க்கிற பார்வையே வேறு. அதனால்தான் படித்துவிட்டு நகராமல் உட்கார்ந்து எண்ணுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

கிரீன்லாந்தில் இந்தக் கணக்கைச் செய்யும்போது மட்டும் ஐந்து டிகிரிக்கு ஒரு பட்டையாகப் பிரிப்பது அவசியம். அதன் தென்முனை 60 டிகிரியில், வடமுனை 83 டிகிரிக்கும் மேலே. கீழே நான்கு மடங்கு ஊதியிருக்கும் தீவு மேலே அறுபது மடங்கைத் தாண்டுகிறது. ஒரே சராசரி எண்ணைப் போட்டால் விடை தப்பும். சரியாகச் செய்தால் 21.66 லட்சம் சதுர கி.மீ. பக்கம் வரும். மேப்பில் அதோடு போட்டிபோடும் ஆப்பிரிக்கா 3.03 கோடி சதுர கி.மீ., அதாவது பதினான்கு மடங்கு. காங்கோ ஜனநாயகக் குடியரசு தனி ஒரு நாடாகவே கிரீன்லாந்தைவிடப் பெரியது. அல்ஜீரியாவும் அப்படித்தான். சவூதி அரேபியா ஏறக்குறையச் சமம். 32.87 லட்சம் சதுர கி.மீ. உள்ள இந்தியா அதைப்போல ஒன்றரை மடங்கு.

கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்கு இன்னும் சில ஜோடிகள்: அலாஸ்காவும் பிரேசிலும் மேப்பில் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனால் பிரேசில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஐஸ்லாந்தும் கியூபாவும் வைத்துப் பாருங்கள், கியூபாதான் சற்றுப் பெரியது. மடகாஸ்கர் பிரிட்டனைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகள் மெர்கேட்டரில் ஒரு பெரிய நாடுபோலப் பரந்து கிடக்கும். உண்மையில் எல்லாத் தீவுகளையும் கூட்டினாலும் இலங்கையைவிடக் கொஞ்சம் குறைவு. தி ட்ரூ சைஸ் என்ற இணையதளத்தில் நாட்டின் பெயரைத் தட்டினால் அதன் உருவம் தனியே வரும். அதைச் சுட்டியால் பிடித்து நிலநடுக்கோட்டுக்கு இழுத்து வந்தால் கண்முன்னே சுருங்கும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

போன் மேப்பிலும் இதைப் பிடிக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை உலாவியில் திறந்து சிங்கப்பூருக்குப் போங்கள். மூலையில் உள்ள தூரக்கோடு எத்தனை கி.மீ. காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூமைத் தொடாமல் ஹெல்சிங்கிக்கு நகருங்கள். திரையில் அதே விரலகலம் இப்போது பாதி தூரத்தைத்தான் குறிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மெர்கேட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. 1569-ல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் அந்த மேப்பை வெளியிட்டபோது அது கடலோடிகளின் பயன்பாட்டுக்கு என்று தலைப்பிலேயே எழுதினார். அதில் நேர்கோடு போட்டால் திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டலாம். அந்த வேலைக்கு அது அற்புதமான கருவி. இணைய மேப்புகள் அதை எடுத்துக்கொண்டதற்கும் நியாயம் உண்டு. எந்த ஊரில் ஜூம் செய்தாலும் செங்கோணத்தில் வெட்டும் தெருக்கள் செங்கோணத்திலேயே தெரியும். கடலுக்கும் தெருவுக்கும் செய்ததை வகுப்பறைச் சுவரில் மாட்டி, உலகம் இப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதுதான் கோளாறு. எந்தக் கண்டம் பெரியது, எது பொருட்படுத்தத் தக்கது என்ற எண்ணம் பத்து வயதுக்குள் கண்வழியாக உள்ளே போய்விடுகிறது. 2025-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் மெர்கேட்டரைக் கைவிடக் கோரும் இயக்கத்துக்கு ஆதரவு தெரிவித்ததை நான் மனமார வரவேற்றேன்.

தூரத்துக்கு நூல்

உலக உருண்டையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையை அலாஸ்காவின் ஆங்கரேஜுக்குக் கொண்டுபோய் இறுக்குங்கள். நூல் தானாகவே வழுக்கி வட துருவத்துக்கு மேலே போய் உட்காரும். இரண்டு நகரங்களும் 60 டிகிரியை ஒட்டியவை, தீர்க்கக்கோட்டில் நேர் எதிரெதிர். துருவம் வழியாகப் போனால் 6,500 கி.மீ. சொச்சம். மேப்பில் நேர்கோடு போட்டு அட்சக்கோட்டோடு போனால் 10,000 கி.மீ. மேப்பைப் பார்த்து யாரும் இந்த வழியை ஊகிக்க முடியாது, ஏனென்றால் அந்த வழி இருக்கும் இடமே மேப்பில் இல்லை.

லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே நூலை இறுக்கினால் அது தெற்குக் கிரீன்லாந்தைத் தொட்டுப் போகும். விமானத்தில் முன் இருக்கைத் திரையில் வளைவாகத் தெரியும் பாதை இதுதான். விமானம் சுற்றிப் போகிறது என்று நினைக்க வேண்டாம். வளைந்திருப்பது திரையிலுள்ள மேப். கி.மீ. வேண்டுமென்றால் அதே நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்து எத்தனை டிகிரி என்று எண்ணி 111-ஆல் பெருக்குங்கள்.

உலக மேப்பின் மூலையில் ஒரு தூரக்கோடு அச்சிட்டிருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். மெர்கேட்டராக இருந்தால் அது பெரும்பாலும் நிலநடுக்கோட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

வட்டங்களும் இதே பொறி. "இந்த இடத்திலிருந்து 5,000 கி.மீ. சுற்றளவில்" என்று காம்பஸில் வட்டம் போட்ட மேப்புகளை எங்கேயும் பார்க்கலாம். 2003-ல் பெயர்பெற்ற ஆங்கில வார இதழ் ஒன்று வட கொரிய ஏவுகணைகள் எட்டும் தூரத்தை மெர்கேட்டரில் அழகான வட்டங்களாகப் போட்டு, பிறகு திருத்த வேண்டியதாயிற்று. பியோங்யாங்கிலிருந்து வட துருவம் 5,700 கி.மீ.தான். ஆகவே 10,000 கி.மீ. எல்லைக்குள் துருவமும் அடங்கிவிடும். மெர்கேட்டரில் அந்த எல்லை மூடிய வட்டமாகவே வராது. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை அலைபோல ஓடும், அதற்கு மேலே உள்ள எல்லாமே எல்லைக்குள். வட்டம் போட்ட மேப்பை நம்பியவர் தப்பித்தோம் என்று நினைத்த ஊர்கள் எத்தனையோ அதில் மாட்டியிருக்கும். உலக மேப்பில் பெரிய வட்டம் கச்சிதமான வட்டமாகத் தெரிந்தால், அந்த மேப் அதே மையத்தை வைத்து வரையப்பட்டதா என்று கேளுங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்தில் இருப்பது அந்த வகைதான். வட துருவம் மையம், அங்கிருந்து எல்லாத் தூரமும் சரி.

நிறம் பூசிய மேப்புகள்

என் தொழிலில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். நாடுகளுக்கு நிறம் கொடுத்து மழை, காடு, வறுமை, நோய் என்று காட்டும் மேப்பில் கண் நிறத்தைப் படிப்பதில்லை, நிறத்தின் பரப்பைப் படிக்கிறது. சிவப்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு பெரிய விஷயம் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அதே தரவை மெர்கேட்டரில் போட்டால் ரஷ்யாவும் கனடாவும் பேசும், ஆப்பிரிக்காவும் தெற்காசியாவும் முணுமுணுக்கும். வெப்பநிலை உயர்வைக் காட்டினால் ஆர்க்டிக் பகுதியின் சிவப்பு தாளின் மேல்பகுதி முழுவதையும் விழுங்கிவிடும். எண் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், மேப் மட்டும் தவறாகப் பேசும். புள்ளி வைத்து அடர்த்தியைக் காட்டும் மேப்பிலும் இதே கதை. வடக்கே இடம் நீண்டுபோவதால் புள்ளிகள் கலைந்து, ஆள் நடமாட்டமே இல்லாததுபோலத் தெரியும்.

இந்த மாதிரி மேப்புக்குச் சமப் பரப்பளவு புரொஜெக்‌ஷனைத் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை. அந்தக் குடும்பத்தில் மோல்வைடே 1805-லிருந்தே இருக்கிறது. 1973-ல் ஆர்னோ பீட்டர்ஸ் அறிமுகப்படுத்திப் பெரும் விவாதத்தைக் கிளப்பிய மேப்பும் சமப் பரப்பளவுதான். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855-லேயே அதை விவரித்திருந்தார். ஆனால் அதில் நிலநடுக்கோட்டருகே எல்லாம் கிழக்கு மேற்கைவிடத் தெற்கு வடக்காக இரண்டு மடங்கு நீண்டுவிடும். ஆப்பிரிக்காவுக்கு அளவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உருவத்தைப் பறித்துக்கொள்கிற மேப் அது. 2018-ல் வந்த ஈக்வல் எர்த் பரப்பளவையும் காக்கிறது, கண்டங்களின் முகத்தையும் அவ்வளவாகச் சிதைப்பதில்லை. சுவரில் மாட்ட ஒன்று சொல்லுங்கள் என்றால் அதைத்தான் சொல்வேன். ராபின்சனும் வின்கெல் டிரிபெலும் எல்லாத் தவறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குபோட்டுக்கொள்ளும் சமரச மேப்புகள். நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கம் 1988-ல் முதலாவதையும் 1998-ல் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டது. பொதுவான பார்வைக்கு இரண்டும் நல்லவை, நிறம் பூச வேண்டாம்.

நீங்களே மேப் செய்கிறவர் என்றால் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் கீழ் வலது மூலையைப் பாருங்கள். மேப் எந்த முறையில் வரையப்பட்டிருக்கிறது என்பதற்கான குறியீட்டு எண் அங்கே இருக்கும். இபிஎஸ்ஜி 3857 என்று இருந்தால் இணைய மெர்கேட்டர், 4326 என்றால் வெறும் டிகிரிக் கட்டம். அதைக் கிளிக் செய்து 8857 என்று தேடித் தேர்ந்தெடுத்தால் ஈக்வல் எர்த். அளவிடும் கருவியில் கார்ட்டீசியன், எலிப்சாய்டல் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். எப்போதும் இரண்டாவது, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து அளப்பது அதுதான்.

ஓரங்கள்

கடைசியாக மேப்பின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். எங்கே வெட்டினார்கள்? பெரும்பாலும் பசிபிக்கின் நடுவில். அதனால் உலகத்தின் நிலம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியதான அந்தக் கடல், இரண்டு ஒல்லியான நீலப் பட்டைகளாகப் பிரிந்துபோகிறது. ரஷ்யாவும் அமெரிக்காவும் மேப்பின் இரு கோடிகளில் நிற்கின்றன. பெரிங் நீரிணையில் ரஷ்யாவின் பெரிய டயோமீட் தீவுக்கும் அமெரிக்காவின் சின்ன டயோமீட் தீவுக்கும் நடுவே 4 கி.மீ. கூட இல்லை. பசிபிக்கைப் பற்றிய எந்த மேப்பையும் 150 அல்லது 180 டிகிரியை நடுவில் வைத்து வரையுங்கள். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பதும் பழக்கம்தான். 1154-ல் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி வரைந்த உலக மேப்பில் தெற்குதான் மேலே. உங்கள் மேப்பைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். பழகிய வடிவங்கள் கலைந்து, எந்தக் கண்டம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது புதிதாகக் கண்ணில் படும். மேப்பைச் சரிபார்க்கும்போது நான் வழக்கமாகச் செய்வது இது.

மேப்பை வெளியிடும்போது கீழே சின்ன எழுத்தில் புரொஜெக்‌ஷனின் பெயரைப் போடுங்கள். உலகம் முழுவதையும் காட்டும் மேப்பென்றால் தூரக்கோட்டை எடுத்துவிடுங்கள். எடுக்கக் கூடாது என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அது எந்த அட்சரேகைக்குப் பொருந்தும் என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.